மிடியில் இயங்கும் ஈக்வலைசர்: வாசிப்பவர்கள், ஒலி பார்ப்பவர்கள் அனுபவங்கள்

ஆறு கம்பி:

மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வழியாகக் கட்டளை வாங்கும் ஈக்வலைசரோடு (ஒலியின் தாழ், நடு, உயர் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி, சுருக்கமாக ஈக்யூ) பழகியவர்கள், மேடையோ ஸ்டுடியோவோ எதுவாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கையேட்டைவிட அதுதான் உதவும். நான் தொடங்கி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது பெடல் வடிவ 10 பேண்ட் ஈக்யூ, அதாவது ஒலியைப் பத்து அதிர்வெண் பகுதிகளாகப் பிரித்துத் தருவது. 31 ஹெர்ட்ஸில் தொடங்கி 62, 125, 250 என்று இரட்டித்துக்கொண்டே 16 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஒரே நிகழ்ச்சியில் பீஸோ பிக்கப் (அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) வைத்த அக்கவுஸ்டிக் கிட்டாரையும் ஹம்பக்கர் (காந்த பிக்கப்) வைத்த எலெக்ட்ரிக்கையும் மாற்றி மாற்றி வாசிக்கிறேன். பீஸோவுக்கு 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு பிளாஸ்டிக் தன்மை வரும், அதைக் குறைக்க வேண்டும். 125 பக்கத்தில் கிட்டார் உடம்பு ‘பூம்’ என்று முழங்கும், அதையும் கொஞ்சம் இறக்க வேண்டும். எலெக்ட்ரிக்குக்கு இந்த இரண்டுமே வேண்டாம். இரண்டு பாட்டுக்கு நடுவே குனிந்து பத்து ஃபேடரையும் நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் மிடிக்கு வந்தேன். ஒரு ஃபுட்சுவிட்சை மிதித்தால் லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்ப ஓட்டுவது), டிலே (எதிரொலி), ஈக்யூ எல்லாமே சேர்ந்து மாறிவிடும்.

முதலில் எல்லோரையும் தடுக்கிற விஷயம் எண். புரோகிராம் சேஞ்ச் (சேமித்து வைத்த அமைப்பை, அதாவது புரோகிராமை, எண் சொல்லி அழைக்கும் கட்டளை) கேபிளில் போகும்போது 0 முதல் 127 வரைதான். சில கருவிகள் அதை அப்படியே காட்டும், சில 1 முதல் 128 என்று காட்டும். கன்ட்ரோலரில் 5 என்று அனுப்பினால் ஈக்யூவில் 4 விழும், அல்லது 6. எதுவும் கெட்டுப்போகவில்லை, எண்ணும் முறைதான் வேறு. கன்ட்ரோலரில் முதல் எண்ணை அனுப்பி, ஈக்யூவில் எது திறக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மீதி எல்லாம் அதே கணக்குதான்.

அடுத்தது, ஈக்யூவை எங்கே வைக்கிறோம் என்பது. இதைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. டிஸ்டார்ஷனுக்கு (கரகரப்பு சேர்க்கும் எஃபெக்ட்) முன்னால் இருக்கும் ஈக்யூவில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் ஏற்றினால் சத்தம் பெரிதாக ஏறாது. கரகரப்பு கூடும், நடு சுருதிகள் அழுத்தமாக வரும். அதே வளைவை (பேண்டுகளின் ஏற்ற இறக்க அமைப்பை) ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு வரும் இணைப்பில்) வைத்தால் கரகரப்பு அப்படியே இருக்க, சத்தம் எழும்பி சோலோ முன்னால் வரும். நான் இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு லூப்பில்தான் நிறுத்தியிருக்கிறேன். முன்னால் வைத்து நன்றாக இருந்த புரோகிராமை லூப்புக்கு அப்படியே கொண்டுபோனால் பொருந்தாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

மிதிக்கும் நேரமும் முக்கியம். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். புரோகிராம் சேஞ்ச் என்பது இரண்டே பைட். அது போய்ச் சேர ஒரு மில்லி செகண்ட்கூட ஆகாது. ஆனால் புது வளைவைக் கருவி ஏற்றிக்கொள்ளும்போது சிலவற்றில் சின்ன இடைவெளி கேட்கும், சிலவற்றில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதனால் நான் சரியாகத் தாளத்தின் மேல் மிதிப்பதில்லை. அதற்கு முந்தின அரைத் தாளத்தில், இடது கையால் கம்பியை அமர்த்தி வைத்திருக்கும் அந்த நொடியில் மிதிப்பேன். கம்பி அமைதியாக இருப்பதால் மாற்றம் யார் காதிலும் விழாது.

மிக்ஸர் மேசை:

நண்பர் கிட்டார் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். நான் அரங்கத்தின் ஒலியைப் பார்க்கிறவன், என் அனுபவம் வேறு மாதிரி.

ஒரு நிகழ்ச்சி. முதல் பாட்டு அருமையாகப் போனது. இரண்டாவது பாட்டு தொடங்கியதும் மொத்த ஒலியும் மெலிந்துவிட்டது. பாடகர் குரல் தகரத்துக்குள் இருந்து வருவது மாதிரி. மிக்ஸரில் ஒரு சேனலையும் யாரும் தொடவில்லை, ஆம்ப் விளக்குகள் எல்லாம் சரியாக எரிகின்றன. மெயின் அவுட்டில் இருந்த வாடகை ஈக்வலைசரைத் திரும்பிப் பார்த்தால் அதன் திரையில் புரோகிராம் எண் 12. சவுண்ட் செக் முடிந்தபோது அது 1. கீபோர்டு வாசிப்பவர் பியானோவிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்கு மாறினார், எண் 12 இருந்த இடத்தில் 40 ஆனது. அப்போதுதான் பிடிபட்டது. ரேக் (கருவிகளை அடுக்கிய சட்டம்) முழுவதும் ஒரே மிடி சங்கிலியில் இருக்கிறது. ஈக்யூவில் ஆம்னி என்கிற அமைப்பு ஆன் செய்யப்பட்டிருக்கிறது. ஆம்னி ஆன் என்றால் மிடியின் 16 சேனலில் எதில் வந்தாலும் அது தனக்கு வந்த கட்டளை என்றே எடுத்துக்கொள்ளும். கீபோர்டுக்காரர் தன் ஒலியை மாற்றும்போதெல்லாம் அரங்கத்தின் ஒலியும் சேர்ந்து மாறியிருக்கிறது!

ஆம்னியை அணைத்தேன், ஈக்யூவை 16ஆம் சேனலுக்கு மாற்றினேன், புரோகிராம் 1ஐத் திரும்ப அழைத்தேன். பாட்டின் இரண்டாவது சரணம் வருவதற்குள் குரல் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து எந்த ரேக் கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒலியை அல்ல, சேனல் எண்ணையும் ஆம்னியையும்தான்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அரங்கத்துக்கான ஈக்யூவையும் பாட்டுக்கான ஈக்யூவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அரங்கத்துக்கு மூன்றிலொரு ஆக்டேவ் அளவில் பிரித்த 31 பேண்ட் வைக்கிறோம். 20 ஹெர்ட்ஸ், 25, 31.5, 40 என்று போகும் அந்த வரிசை. 315இல் மானிட்டர் ஊளையிடுகிறது என்றால் அந்த ஒரு பேண்டை மட்டும் இறக்குகிறோம், 2.5 கிலோவில் மைக் கீச்சிடுகிறது என்றால் அதை மட்டும். இது அந்த அறைக்கும், அங்கே ஸ்பீக்கரும் மைக்கும் நிற்கும் இடத்துக்கும் உரியது. எந்தப் பாட்டு வந்தாலும் மாறக் கூடாது. நிகழ்ச்சி தொடங்கிய பிறகு அதன் மிடி இன்னில் (மிடி உள்வாங்கும் துளையில்) கேபிளே இருக்கக் கூடாது என்பது என் பழக்கம். பாட்டுக்குப் பாட்டு மாற வேண்டியதைக் குரல் சேனலின் இன்சர்ட்டிலோ (அந்தச் சேனலுக்கு மட்டும் வெளிக்கருவி சேர்க்கும் இணைப்பு) கருவியின் பக்கத்திலோ வேறொரு புரோகிராம் ஈக்யூவில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மிடி தாராளமாக வரட்டும்.

அப்புறம், கருவியின் நினைவில் இருக்கிற வளைவை அப்படியே நம்ப வேண்டாம். ஆளில்லாத அரங்கில் சேமித்தது ஆள் நிறைந்த அரங்குக்கு ஒத்து வராது. மக்களும் அவர்கள் உடுத்தியிருக்கும் துணியும் உயர் அதிர்வெண்களை உறிஞ்சிவிடும். காலையில் கூர்மையாகக் கேட்டது மாலையில் மங்கலாகக் கேட்கும். அதே அரங்குக்கு மறுபடி போனாலும் பழைய புரோகிராமைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு, மைக்கைத் திறந்து, ஒவ்வொரு பேண்டாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

கூட்டிச் சேமிப்பதைவிடக் குறைத்துச் சேமிப்பது நல்லது. 6 டெசிபல் ஏற்றினால் அந்த அலைவரிசையில் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி தர வேண்டும், 12 ஏற்றினால் ஏறக்குறைய பதினாறு மடங்கு. கையால் ஃபேடரை ஏற்றும்போது காது எச்சரிக்கும், கை நின்றுவிடும். புரோகிராம் மாறும்போது அந்த 12 டெசிபலும் ஒரே நொடியில் வந்து விழும், நிறுத்த யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்பீக்கர் போவது அங்கேதான்.

சாலிடர்:

ரிப்பேர் மேசையிலிருந்து நானும் சொல்கிறேன். பழைய ரேக் ஈக்வலைசர்கள் நிறைய என் கையில் வந்து போயிருக்கின்றன. யமஹா டிஇக்யூ7 மாதிரி 1980களில் வந்த டிஜிட்டல் ஈக்யூக்களில் இன்றும் நன்றாக ஓடுபவை உண்டு. “சுவிட்ச் ஆன் செய்தால் புரோகிராம் எல்லாம் காணோம், திரையில் புரியாத எழுத்து வருகிறது” என்று கொண்டுவருவார்கள். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் நினைவும் போய்விடும். பல நேரம் பேட்டரியைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்றிப் போடுகிற மாதிரி இருக்காது. மாற்றும்போது ஒரு ஹோல்டர் வைத்துக் கொடுத்துவிடுகிறேன், அடுத்த முறை அவர்களே மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் மிடி கைகொடுக்கிறது. பேட்டரி முழுதாகத் தீர்வதற்கு முன்னால் சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் (அந்தந்தத் தயாரிப்பாளரின் கருவிக்கே உரிய மிடி செய்தி) வழியாக எல்லா புரோகிராமையும் கணினிக்கு இறக்கிவிடலாம். பல்க் டம்ப் என்று மெனுவில் இருக்கும். மிடியில் ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட். ஆக நொடிக்கு 3,125 பைட். 16 கிலோபைட் டம்ப் என்றால் ஐந்து நொடிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் நேரம். பேட்டரி மாற்றிய பிறகு அதே கோப்பைத் திருப்பி அனுப்பினால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

திருப்பி அனுப்பும்போது ஏறவில்லை என்றால் நான் பார்ப்பது மூன்று. மெமரி புரொடெக்ட் ஆன் ஆகி இருக்கிறதா? டிவைஸ் எண், டம்ப் எடுத்தபோது இருந்த அதே எண்தானா? செய்திகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கணினி வேகமாகக் கொட்டிவிடும், பழைய கருவியின் பஃபர் சின்னது, பாதியில் செக்சம் (தரவு சரியாக வந்ததா என்று பார்க்கும் எண்) பிழை காட்டி நின்றுவிடும். அனுப்பும் மென்பொருளில் செய்திக்குச் செய்தி தாமதம் வைக்க வசதி இருக்கும், அதைக் கூட்டினால் சரியாகிவிடும்.

கேபிள் விஷயத்தில், மிடிக்கான ஐந்து முனை டின் (DIN) கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். இரண்டு கன்ட்ரோலரை ஒய் கேபிள் போட்டு ஒரே இன்னில் சேர்க்கப் பார்ப்பார்கள், அது வேலை செய்யாது. இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். அதற்கு மெர்ஜர் பெட்டி (இரண்டு மிடி வரவையும் வரிசைப்படுத்தி ஒன்றாக்குவது) வேண்டும். புதுப் பெடல்களில் 3.5 மில்லிமீட்டர் டிஆர்எஸ் (முனை, வளையம், உடல் என மூன்று தொடர்பு உள்ள) ஜாக் வருகிறது. அதில் ஏ வகை, பி வகை என்று இரண்டு உண்டு, முனையும் வளையமும் இடம் மாறியிருக்கும். 2018இல் ஏ வகையைத் தரமாக அறிவித்தார்கள், ஆனாலும் பி வகைக் கருவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பெடலும் கன்ட்ரோலரும் நன்றாக இருந்தும் ஒன்றுக்கொன்று பேசவில்லை என்றால் முதலில் இந்த கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தாழ்சுருதி:

நான் ஐந்து கம்பி பேஸ் வாசிக்கிறேன். கடைசிக் கம்பி பி, ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். நாலு கம்பி பேஸின் ஈ கம்பி 41 பக்கம். அதனால் ஈக்யூவின் முதல் பேண்டைத் தொட்டாலே எனக்குக் காலடியில் தரை மாறிவிடும். அதை ஒரு எக்ஸ்பிரஷன் பெடலில் (காலால் சாய்த்து அளவை ஏற்றி இறக்கும் பெடல்) கட்டி, கன்ட்ரோல் சேஞ்ச் (ஒரு அளவை மாற்றும் மிடி கட்டளை) வழியாக வாசிக்கும்போதே ஏற்றி இறக்குகிறேன்.

கன்ட்ரோல் சேஞ்சுக்கு 0 முதல் 127 வரைதான் அளவு. என் கருவியில் மேலே 12 டெசிபல், கீழே 12. ஒரு படிக்கு 0.19 டெசிபல் வருகிறது. 64 என்றால் நடு. மெதுவாக நகர்த்தினால் படி தெரியாது. வேகமாக இழுத்தால் மேல் பேண்டுகளில் ஜிப் இழுப்பது போல ஒரு ‘ஸர்ர்’ கேட்கும், கீழ் பேண்டில் அவ்வளவாகத் தெரியாது. அதனால் பெடலின் வீச்சை மென்பொருளில் சுருக்கி 52 முதல் 76 வரை மட்டும் போகும்படி வைத்தேன். முழுப் பெடலையும் மிதித்தாலும் நடுவிலிருந்து மேலேயோ கீழேயோ இரண்டரை டெசிபலைத் தாண்டாது. மேடைக்கு அதுவே ஏராளம், காலுக்கும் நல்ல கட்டுப்பாடு.

வீட்டில் பதிவு செய்யும்போது நடந்த ஒன்று. புரோகிராம் மாற்றங்களைக் கணினியில் டிராக்காகவே எழுதி வைத்திருந்தோம். தொடக்கத்திலிருந்து ஓட்டினால் எல்லாம் சரியாக வரும். நடுவில் சரணத்துக்குத் தாவி ஓட்டினால் ஈக்யூ பழைய புரோகிராமிலேயே நிற்கும். ஏனென்றால் அந்தக் கட்டளை கடந்துபோன இடத்தில் இருக்கிறது. மென்பொருளில் சேஸ் என்ற வசதியை ஆன் செய்தபின், எங்கே நிறுத்தி ஓட்டினாலும் அதற்கு முன்னால் இருக்கும் கடைசிக் கட்டளையைத் தேடி அனுப்பிவிடுகிறது. அப்படியும் நான் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் புரோகிராம் எண்ணை மறுபடி எழுதிவிடுகிறேன். அதே எண் திரும்ப வந்தால் என் கருவி கண்டுகொள்வதில்லை, சத்தமும் வராது.

ஆறு கம்பி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் கம்பியை அமர்த்திவிட்டு மாற்றுகிறீர்கள். எனக்கு ஒரு பாட்டில் நீண்ட ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி இருண்டதிலிருந்து தெளிவாக மாற வேண்டும். அமர்த்த இடமே இல்லை. என்ன செய்வீர்கள்?

ஆறு கம்பி:

தம்பி, அந்த இடத்தில் புரோகிராம் மாற்றவே மாட்டேன். உங்களிடம் எக்ஸ்பிரஷன் பெடல் ஏற்கெனவே இருக்கிறதே. அந்தப் பாட்டுக்கு மட்டும் பெடலை வேறு பேண்டுகளுக்கு மாற்றிக் கட்டுங்கள். 800 பக்கம் ஒன்று, 2 கிலோ பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே கன்ட்ரோல் எண்ணைக் கேட்கும்படி. சில கருவிகளில் ஒவ்வொரு பேண்டுக்கும் தனி எண்தான் இருக்கும், அப்போது கன்ட்ரோலர் ஒரே அசைவில் இரண்டு எண்ணை அனுப்புகிறதா என்று பாருங்கள். மூன்று பைட் வீதம் இரண்டு செய்தி என்றாலும் இரண்டு மில்லி செகண்டுக்குள் போய்விடும். இருட்டை அடிப்படை வளைவாகச் சேமித்துக்கொண்டு, பெடலால் தெளிவைத் திறக்க வேண்டும். மேல் பேண்டில் நீங்கள் சொல்லும் அந்த ‘ஸர்ர்’ வராதபடி, ஸ்வரம் நீளும் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு மெதுவாக மிதியுங்கள்.

மிக்ஸர் மேசை சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். இரண்டு புரோகிராமைச் சத்தத்தில் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் எப்போதும் சத்தம் அதிகமானதுதான் நல்லதாகத் தோன்றும். நான் ஒரே வரியை லூப்பரில் பதிந்து ஓடவிட்டு, இரண்டு புரோகிராமுக்கும் மாறி மாறிப் போய் மீட்டரைப் பார்த்து, ஈக்யூவின் மாஸ்டர் லெவலைச் சரிசெய்த பிறகுதான் சேமிக்கிறேன். சோலோ புரோகிராமுக்கு மட்டும் 3 டெசிபல் கூடுதலாக விடுவேன்.

சாலிடர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பெடலில் பேட்டரி கிடையாது, ஃபிளாஷ் நினைவுதான். அதற்கும் அவ்வப்போது டம்ப் எடுத்து வைப்பது அவசியமா?

சாலிடர்:

அவசியம்தான் நண்பரே. ஃபிளாஷ் பேட்டரி போல வறண்டு போகாது. ஆனால் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கும்போது சில கருவிகள் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிடும். புதுப்பிக்கும் முன் ஒரு டம்ப், புதுப்பித்து எல்லாம் சரி என்று பார்த்த பின் இன்னொன்று. கோப்பின் பெயரிலேயே தேதியையும் ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். பழைய பதிப்பில் எடுத்த டம்ப் புதிய பதிப்பில் ஏறாமல் போகிற கருவிகளும் இருக்கின்றன. அதற்கும் வழியாக, முக்கியமான நாலைந்து புரோகிராமின் பேண்ட் அளவுகளைத் தாளில் எழுதி பெடல் போர்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.