உலாவியில் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்: டைமிங் துல்லியம் எவ்வளவு வேண்டும்?

முரளி: 1982இல் சின்கிளேர் விட்ட 48கே ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கு, உலாவியிலேயே ஓடும் எமுலேட்டர் (அந்தக் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் சிபியூவான இசட்80இன் கட்டளை ஒவ்வொன்றையும் முழுசாக முடித்து, அது எடுக்கும் டி-ஸ்டேட்டை (சிபியூ கடிகாரத்தின் ஒரு டிக்) கூட்டிக்கொண்டே போய், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுத் திரைப் படத்துக்கு, உரிய 69,888 ஆனதும் இன்டரப்ட் (சிபியூவுக்குக் குறுக்கீட்டுச் சைகை) கொடுத்து, திரையை ஒரே மூச்சில் வரைந்துவிடுகிறேன். இது போதும் என்பது என் கட்சி. போனில் திறப்பவருக்கு விளையாட்டு உடனே ஓடினால் சரி.

கயல்: போதவே போதாது அண்ணா. கேசட் லோடாகும்போது திரையின் ஓரமான பார்டரில் சிவப்பும் சயானும், அப்புறம் நீலமும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓடுமே, அது எங்கிருந்து வருகிறது? திரையில் கோடு கோடாக வரைந்துகொண்டிருக்கும்போதே நிரல் 254ஆம் போர்ட்டில் நிறத்தை மாற்றுகிறது. ஃபிரேம் முடிந்தபின் வரைந்தால் பார்டர் முழுக்க ஒரே நிறம்தான்.

முரளி: பார்டருக்கு வழி இருக்கிறது. எந்த டி-ஸ்டேட்டில் என்ன நிறம் எழுதினார்கள் என்று குறித்துவைத்தால் கடைசியில் பட்டை போட்டுவிடலாம். நீங்கள் கேட்கப்போவது மெமரி கன்டென்ஷன், தெரியும். 16384 முதல் 32767 வரையுள்ள நினைவகத்தை யுஎல்ஏ (திரைப் படத்தை உருவாக்கும் சிப்) படித்துக்கொண்டிருக்கும்போது சிபியூ 6 டி-ஸ்டேட் வரை காத்திருக்க வேண்டும். அதைச் சேர்க்க ஒவ்வொரு கட்டளையையும் நினைவக அணுகல் வாரியாக உடைத்து எழுத வேண்டும், கிட்டத்தட்ட சிபியூவை நடிக்கும் முழு கோரையும் மறுபடி எழுதுவது மாதிரி. அந்த உழைப்பை ஒலியில் போடுகிறேன். ஸ்பெக்ட்ரமில் ஒலி எழுப்பும் பீப்பர் ஒற்றை பிட், அதை 3.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து நொடிக்கு 48,000 சாம்பிளுக்கு வடிகட்டாமல் இறக்கினால் காது கூசும்.

ஜெகன்: ஒலி விஷயத்தில் முரளி பக்கம். பல எமுலேட்டர்கள் உலாவி திரையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம் ஓட்டுகின்றன. நம் திரை பொதுவாக நொடிக்கு 60 ஃபிரேம், ஸ்பெக்ட்ரம் 50, ஆகவே விளையாட்டு 20 சதவீதம் வேகமாக ஓடும், ஸ்ருதியும் ஏறும். ஆடியோவையே கடிகாரமாக வையுங்கள். ஆனால் கன்டென்ஷனை விட்டுவிட வேகத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது, ஒரு அட்டவணையைப் பார்த்துக் கூட்டும் வேலைதான், சாதாரண போனே தாங்கும்.

முரளி: வேகத்தைச் சொல்லவில்லை, எழுதும் நேரத்தைச் சொல்கிறேன். கேசட்டுக்கு எவன் நிமிடக்கணக்கில் காத்திருப்பான்? ரோமில் (கணினியோடு வரும் மாற்ற முடியாத நினைவகத்தில்) இருக்கும் லோடிங் ரொட்டீனைப் பிடித்து நினைவகத்தை நேராக நிரப்பிவிடப்போகிறேன்.

கயல்: ஸ்பீட்லாக் என்ற நகல் தடுப்பு போட்ட கேசட்டில் அந்தத் தந்திரம் பலிக்காது. அது ரோம் ரொட்டீனைக் கூப்பிடுவதே இல்லை, சொந்த லூப்பில் சுற்றிச் சுற்றி துடிப்பின் நீளத்தை எண்ணுகிறது.

முரளி: அதற்கும் கன்டென்ஷன் தேவையில்லை. துடிப்புகளை அப்படியே ஊட்டி, திரை வரையாமல் முழு வேகத்தில் ஓட்டினால் சீக்கிரமே லோடாகிவிடும். கன்டென்ஷன் இல்லாததால் உடைகிற ஒன்றைக் காட்டுங்கள், எழுதுகிறேன்.

கயல்: நிர்வாணா என்ற பல நிற கிராஃபிக்ஸ் என்ஜினில் செய்த விளையாட்டு எதையாவது ஓட்டிப் பாருங்கள். 8க்கு 8 கட்டத்துக்கு இரண்டே நிறம் என்ற வரம்பைத் தாண்ட, திரையை வரையும் கதிர் போகும் வேகத்துக்கு ஈடாக அட்ரிபியூட்டை (கட்டத்தின் நிறக் குறிப்பை) மாற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் முறையில் ஃபிரேமின் கடைசியில் இருக்கிற நிறம் மட்டும்தான் தெரியும், திரையைக் கோடு கோடாக வரைந்தாலும் கன்டென்ஷன் இல்லாவிட்டால் நிறம் இடம் மாறி விழும். இன்றும் புதிதாக ஸ்பெக்ட்ரமுக்கு எழுதுகிறவர்கள் இதை நம்பித்தான் எழுதுகிறார்கள், அவர்களை விட்டுவிட்டு யாருக்காக எமுலேட்டர்?