விந்தணுப் பரிசோதனை: அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். பாதுகாப்பில்லாம 12 மாசம் சேர்ந்திருந்தும் கரு நிக்கலன்னா ரெண்டு பேரையும் சோதிக்கணும். மனைவிக்கு 35 தாண்டியிருந்தா 6 மாசத்துலயே. நம்ம பக்கம் பொண்ணுக்கு மட்டும் ஸ்கேன் மேல ஸ்கேன், புருஷனுக்கு ஒண்ணும் கிடையாது.

புருஷனுக்குச் செய்ய வேண்டியது விந்தணுப் பரிசோதனை. அதுல சிக்கல் விந்து சாம்பிள் எடுக்கறதுலதான். கடைசியா விந்து வெளியேறினதுக்கு அப்புறம் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு எடுக்கணும். முதல் சொட்டுலதான் அணுக்கள் அதிகம், அது சிந்திட்டா எண்ணிக்கை குறைவாத்தான் வரும். சாதா ஆணுறையில பிடிச்சா அதுல இருக்கிற வழுவழுப்புப் பசையே அணுவைக் கெடுத்துடும். டப்பாவை உடம்புச் சூட்டுலயே வச்சு அரை மணி நேரத்துல, மிஞ்சிப்போனா ஒரு மணி நேரத்துக்குள்ள லேப்ல சேர்க்கணும். அஞ்செட்டியிலிருந்து பஸ்ல ஓசூர் போறதுக்குள்ள அந்த நேரம் ஓடிடும். அணுக்களோட அசைவு குறைஞ்சு ரிப்போர்ட் தப்பா வரும்.

அதனால கேக்கறோம்: தேன்கனிக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரியில அங்கேயே சாம்பிள் எடுக்கத் தனி அறை, தாழ்ப்பாளோட, இருக்கிற லேப் எது? கட்டணம் எவ்வளவு? ரிப்போர்ட்ல அசைவு சதவீதமும் வடிவமும் போடறாங்களா, வெறும் எண்ணிக்கை மட்டுமா?

மூணு மாசத்துக்குள்ள கடும் காய்ச்சல் வந்திருந்தா எண்ணிக்கை இறங்கியிருக்கும். ஒரே ரிப்போர்ட்ட வச்சு முடிவு கட்டாதீங்க.