மின்காட்டி இலைகள் விளக்கு போடும் முன்பே சுருங்கிவிடுகின்றன

கடலூர் தேவனாம்பட்டினம், கடலுக்குப் பக்கத்து வீடு. பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு ஒளிமின் விளைவை, அதாவது ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதைக் காட்ட ஒரு வாரமாகப் போராடுகிறேன். மின்னூட்டம் இருந்தால் இலைகள் விரிந்து காட்டும் மின்காட்டியை வீட்டிலேயே செய்தேன்: ஜாம் பாட்டில், ரப்பர் மூடி, செம்புக் கம்பி, கீழே அலுமினியத்தாள் இலைகள், மேலே துத்தநாகத் தகடு. விளக்கு 11 வாட், 254 நானோமீட்டர் புற ஊதா (கண்ணில் படாமல் மறைத்துத்தான்).

பிவிசி குழாயைக் கம்பளியில் தேய்த்து எதிர் மின்னூட்டம் கொடுத்தால் இலைகள் அழகாக விரிகின்றன. விளக்கைத் தொடும் முன்பே, 20 விநாடியில் தொப்பென்று விழுந்துவிடும். நேர் மின்னூட்டத்திலும் இதே கதை. ஆக, ஒளிக்கு இதில் வேலையே இல்லை, வெறும் கசிவு.

தகட்டை உப்புத்தாளால் தேய்த்தாயிற்று. மூடியைத் தெர்மாகோலுக்கு மாற்றியும் பயனில்லை. ஹேர் டிரையரால் பாட்டிலைக் காயவைத்தால் மட்டும் ஒரு நிமிடம் தாங்குகிறது. உப்புக்காற்று மேல்தான் சந்தேகம்.

இந்த ஈரத்திலும் கசியாமல் கம்பியைத் தாங்க எது சரி: பாரஃபின் மெழுகா, டெஃப்லானா?