ராட்51 (டிஎன்ஏ முறிவைப் பழுதுபார்க்கும் புரதம்) புள்ளிகள் தெரியாமல் உட்கரு முழுக்கப் புகைபோல் ஒளிர்வது ஏன்?

கேள்வி:
யு2ஓஎஸ் (மனித எலும்புப் புற்று) செல்களுக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) எக்ஸ் கதிர் கொடுத்து, 1 மணி நேரம் கழித்து 4% பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்தவை (இருந்த நிலையிலேயே நிலைநிறுத்தியவை). காமா-எச்2ஏஎக்ஸ் (டிஎன்ஏ முறிந்த இடத்தைக் காட்டும் குறி) புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன. அதே கவர்ஸ்லிப்பில் (செல்கள் ஒட்டிய மெல்லிய கண்ணாடி) ராட்51 மட்டும் உட்கரு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப், 63எக்ஸ் ஆயில் லென்ஸ். சாயத்தைச் சிமிட்டவைத்துப் படமெடுக்கும் ஸ்டார்ம் என்ற அதிநுண் மைக்ரோஸ்கோப் முறையில் பார்த்தால் தெளியுமா?

பதில் 1:
தெளியாது. குறை மைக்ரோஸ்கோப்பில் இல்லை, சாம்பிளில் இருக்கிறது. காமா-எச்2ஏஎக்ஸ் முறிவின் இருபுறமும் லட்சக்கணக்கான பேஸ் ஜோடிகள் வரை பரவும் குறி. எப்படி ஃபிக்ஸ் செய்தாலும் தெரியும். ராட்51 கொஞ்சம்தான் ஒற்றை இழை டிஎன்ஏவில் ஏறும், மீதி கரைந்தே மிதக்கும். நீங்கள் பார்க்கும் புகை அதுதான். ஃபிக்ஸ் செய்யும் முன்பே அதைக் கழுவி வெளியேற்றிவிடுங்கள்.

கழுவுவதற்கான சிஎஸ்கே பஃபர் (கரைசல்): பைப்ஸ் 10 மில்லிமோலார், பிஎச் 6.8, சோடியம் குளோரைடு 100, சுக்ரோஸ் 300, மெக்னீசியம் குளோரைடு 3 மில்லிமோலார், ட்ரைட்டான் எக்ஸ்-100 0.5%. ஐஸ் மேல் 5 நிமிடம். பிப்பெட்டைக் தட்டுக்குழியின் சுவரில் சாய்த்து மெதுவாக விடுங்கள். நேராகப் பீய்ச்சினால் செல்கள் பெயர்ந்துவிடும். பிரிந்துகொண்டிருக்கும் உருண்டைச் செல்கள்தான் முதலில் போகும். பஃபரை உறிஞ்சியதும் தாமதிக்காமல் பாராஃபார்மால்டிஹைடு, 10 நிமிடம்.

பதில் 2:
நேரத்தையும் மாற்றுங்கள். முறிந்த முனை அரிக்கப்பட்டு, ஒற்றை இழையில் ஆர்பிஏ என்ற புரதம் உட்கார்ந்து, பிறகு பிஆர்சிஏ2 என்ற புரதம் வந்துதான் ராட்51-ஐ ஏற்றுகிறது. 1 மணி நேரத்தோடு 4 மணி நேரத்தையும் வையுங்கள். எஸ் (டிஎன்ஏ நகலாகும்), ஜி2 (அதற்குப் பின், பிரிவதற்கு முன்) கட்டச் செல்களில்தான் இது நடக்கும் என்பதால், அந்தக் கட்டங்களில் இருக்கும் ஜெமினின் புரதத்துக்கான சாயமும் சேர்த்து, அது ஏறிய உட்கருக்களில் மட்டும் எண்ணுங்கள். இரண்டின் சாயமும் கலக்காமல் இருக்க, ராட்51 ஆன்டிபாடி முயலில் எடுத்தது என்றால் ஜெமினின் ஆன்டிபாடி எலியில் எடுத்ததாக இருக்கட்டும்.

கதிர் படாத கவர்ஸ்லிப் இல்லாமல் எந்த எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். எஸ் கட்டத்தில் தானாகவே சில புள்ளிகள் வரும். காமா-எச்2ஏஎக்ஸ் உட்கரு முழுக்க ஒரே சீராக எரிந்தால் அது பெரும்பாலும் சாகும் செல், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இரண்டையும் செய்கிறேன். பிற்பாடு ஸ்டார்ம் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
பஃபரை. அதில் சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி ஆக்சிஜனை உறிஞ்சும்போதே அமிலத்தையும் உண்டாக்கும். பிஎச் இறங்க இறங்கச் சாயம் சிமிட்டுவது கெடும். எம்இஏ (சாயத்தைச் சிமிட்டவைக்கும் வேதிப்பொருள்) கலந்த பஃபரை அன்றன்றைக்குக் கலக்கி, காற்று புகாமல் மூடி, நீண்ட பதிவென்றால் நடுவில் புதிதாக மாற்றுங்கள். இரண்டடுக்கு ஆன்டிபாடி (முதல் ஆன்டிபாடி, அதன் மேல் சாயம் ஏந்திய இரண்டாவது) போட்டால் சாயம் புரதத்திலிருந்து 10 நானோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும். அதைவிட நுணுக்கமான தூரத்தை அந்தப் படத்தில் அளக்கக் கூடாது.