வேலையை விட்டு ஊர் திரும்பித் தற்சார்பாக வாழ எண்ணுகிறோம்: கரிசல் நிலத்தில் வாழ்பவர்களின் அனுபவம் தேவை

கேள்வி: பேரையூரான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் தாத்தா வழியாக வந்த 2 ஏக்கர் 30 சென்ட் கரிசல் நிலமும், ஓடு மாற்றினால் குடியிருக்கக்கூடிய பழைய வீடு ஒன்றும் எங்களுக்கு இருக்கின்றன. கிணற்றில் மாசி வரை தண்ணீர் கிடக்கும். கடன் எதுவும் இல்லை; சேமிப்பு 11 லட்சம் ரூபாய்.

கடந்த ஆறு மாதங்களாக வீட்டுச் செலவு ஒவ்வொன்றையும் குறித்து வந்தேன். உணவு, உடை, போக்குவரத்து என்று வழக்கம்போலப் பிரிக்காமல், அந்தச் செலவு எதனால் வந்தது என்று பார்த்துப் பிரித்தேன். மாதம் 61,000 ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ 37,000 ரூபாய், நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதனாலேயே வருகிற செலவு. அலுவலகத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் வாடகை, வண்டித் தவணை, பெட்ரோல், மாவு அரைக்க நேரமில்லாததால் வாங்கும் பாக்கெட் மாவு, சமைக்க முடியாத இரவுகளில் வரவழைக்கும் சாப்பாடு, பிள்ளைகளோடு இருக்க முடியாத குறைக்காக வாங்கிக் கொடுக்கும் பொம்மைகள் ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். கணக்கைக் காட்டியபோது மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பொம்மை என்று எழுதிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள், பார்க்க முடியவில்லை என்றார்.

எங்கள் ஊருக்கு அருகில் உள்ள டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். லண்டனில் பயின்ற கணக்காளர், பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவர், 1929இல் காந்தியைச் சந்தித்த பின் அவை எல்லாவற்றையும் விட்டுக் கிராமத் தொழில்களுக்கு வந்தார் என்பதைச் சிறுவயதில் அந்த வழியே பேருந்தில் போகும்போது என் தாத்தா சொல்லியிருக்கிறார். அப்போது அது வெறும் கதையாகவே காதில் விழுந்தது. நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் இப்போது அவர் நினைவு அடிக்கடி வருகிறது.

நான் கேட்க விரும்புவது இரண்டு. நான்கு பேர் உள்ள ஒரு குடும்பம், இத்தகைய மானாவாரி நிலத்தை நம்பி, மாதம் எவ்வளவு ரொக்கப் பணத்தோடு வாழ முடியும்? அடுத்தது, என்னை அதிகமாக உறுத்துவது. இது பொறுப்பிலிருந்து தப்பி ஓடுவது என்று என் அண்ணன் சொல்கிறார். நாங்கள் குறைவாக வாங்கி நிம்மதியாக இருப்பதனால் ஊருக்கோ நாட்டுக்கோ என்ன மாறப்போகிறது என்று அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் 1: மானாவாரிக்காரன்

தம்பிக்கு வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில், உங்களுடையதைப் போன்ற கரிசல் மண்ணில், ஒன்பது ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழ்கிறேன். எங்கள் வீட்டிலும் நான்கு பேர். சென்ற ஆண்டு ரொக்கமாகச் செலவானது 1,18,000 ரூபாய், அதாவது மாதத்துக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் சாப்பாட்டுக்குப் போனது கால் பங்குகூட இல்லை. மருத்துவம், பேருந்துக் கட்டணம், கைபேசி, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் காதுகுத்து மொய் ஆகியவைதான் பணத்தை வாங்கிக்கொள்கின்றன. மொய்யை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று முதல் ஆண்டில் நானும் நினைத்தேன். ஐப்பசி மழையில் என் வரப்பு உடைந்த இரவில் மண்வெட்டியோடு வந்து நின்றவர்கள் யார் யார் என்று பார்த்த பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

நிலத்தைப் பொறுத்தவரை, முதலில் வீட்டுக்கு வேண்டியதை விதையுங்கள், மிச்சத்தைச் சந்தைக்கு விதையுங்கள். புரட்டாசி மழையை ஒட்டிக் குதிரைவாலி, நாட்டுச் சோளம், உளுந்து, பாசிப்பயறு, எள், ஓரத்தில் மல்லி, ஆமணக்கு என்று கலந்து போட்டால், ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். பருத்தியையோ மக்காச்சோளத்தையோ மட்டும் போட்டால் விதை, உரம், பூச்சிமருந்து என்று முதலிலேயே பணம் வெளியே போய்விடும். அறுவடைக்குப் பின் அதே பணத்தை மீட்பதற்காகவே விற்க வேண்டியிருக்கும்.

குதிரைவாலியை விளைவிப்பதில் பெரிய கஷ்டம் இல்லை, அதை அரிசியாக்குவதில்தான் இருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நெல் அரைக்கும் ஆலையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நொறுங்கிப்போகும். எங்கள் பாட்டி காலத்தில் திருகைக் கல்லின் மேல் களிமண் பூசி உலரவைத்து, தானியம் உடையாமல் உமி மட்டும் கழலும்படி அரைத்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு ஆண்டு அப்படிச் செய்து கை ஓய்ந்துபோய், பிறகு ஐந்து குடும்பங்கள் சேர்ந்து உமி நீக்கும் சிறு இயந்திரம் ஒன்றை வாங்கினோம். குமரப்பா 1934 முதல் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியபோது பாடுபட்டதும் இதே கேள்வியோடுதான்: தீட்டாத அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கு என்று, கிராமத்தில் விளைந்தது கிராமத்திலேயே பதமாகி, பணம் வெளியேறாமல் இருக்க என்ன கருவி வேண்டும் என்று தேடினார்கள். எங்கள் எள்ளைச் செக்கில் கொடுத்தால் எண்ணெயும் எங்களுக்கு, பிண்ணாக்கும் எங்கள் மாட்டுக்கு. எள்ளாகவே விற்றால் இரண்டையும் பிறகு கடையில் வாங்க வேண்டும்.

நாங்கள் இன்னும் வாங்குபவை உப்பு, தேயிலை, சோப்பு, பருத்தித் துணி, கோடையில் கொஞ்சம் காய்கறி. அரிசிக்கு ரேஷன் கடைக்குப் போகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை அரசே ஏற்றுக்கொள்வதால், அதற்குள் நிற்கப் பழகிவிட்டோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், சேர்ந்துவிடுங்கள். அப்படியிருந்தும் உங்கள் 11 லட்சத்தில் 4 லட்சத்தை மருத்துவத்துக்கென்று தனியே வைத்து, எந்த ஆசைக்கும் தொடாதீர்கள். மயிலும் காட்டுப்பன்றியும் எடுத்துக்கொள்ளும் பங்கையும் உங்கள் கணக்கில் எழுதிவிடுங்கள். முதல் ஆண்டு எங்கள் நிலக்கடலையில் பாதிக்கு மேல் பன்றிக்குத்தான் போனது.

பதில் 2: அடுப்படி

மேலே எழுதிய அண்ணன் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் தற்சார்பு என்று நாம் சொல்லும் வேலைகளில் பெரும்பகுதி யார் கையில் வந்து விழுகிறது என்பதை நீங்கள் புறப்படுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் கேஸ் அடுப்பு வேண்டாம், மிக்ஸி வேண்டாம், சீமைக்கருவேல விறகு சும்மாவே கிடைக்கிறது என்று என் கணவர் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். புகையில் நின்றதும் நான், அம்மிக்கு முன் உட்கார்ந்ததும் நான், விடியற்காலையில் சாணம் அள்ளியதும் நான். அவர் சோம்பேறி அல்ல. வயலில் என்னைவிட அதிகமாகவே உழைத்தார். ஆனால் வயல் வேலைக்குப் பருவம் உண்டு, வீட்டு வேலைக்கு அது கிடையாது. எட்டாவது மாதத்தில் எனக்கு இருமல் நிற்காமல் போனபோதுதான் இருவரும் உட்கார்ந்து பேசினோம். கேஸ் அடுப்பையும் மிக்ஸியையும் திரும்ப எடுத்தோம், துணி துவைப்பதும் மாட்டுக் கொட்டிலும் அவர் பொறுப்பு என்று ஆயின. அதற்குப் பிறகுதான் இந்த வாழ்க்கை எனக்கும் சொந்தமாகத் தோன்றியது.

உங்கள் கேள்வியில் உங்கள் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருக்கிறார். அவர் பதினைந்து ஆண்டுகளாகவோ என்னவோ பாடம் நடத்தியவர். ஊரில் அந்த வேலைக்கு என்ன இடம் இருக்கும், அந்த வேலையை விட்டுவிட அவருக்கு மனம் இருக்கிறதா என்பதை அவர் வாயால் கேளுங்கள்.

பதில் 3: கடைமடை

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரன். மேலே இருவர் வரவுசெலவையும் வீட்டையும் பற்றி எழுதிவிட்டதால், உங்கள் அண்ணனின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் பகுதியில் 1990களில் இறால் பண்ணைகள் வந்தன. ஆடம்பரம் ஏதும் இல்லாமல், சொந்த நெல்லையும் குளத்து மீனையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள்தான் கடற்கரை ஓரத்தில் பெரும்பாலும் இருந்தன. பண்ணைகளுக்காகத் தேக்கிய உப்புநீர் மண்ணில் இறங்கிக் குடிநீர்க் கிணறுகளைக் கெடுத்தபோது, அவர்களுடைய சிக்கனமும் தற்சார்பும் அவர்களைக் காப்பாற்றவில்லை. காந்தியவாதியான ஜெகந்நாதன் அந்த மக்களைத் திரட்டிப் போராடியதோடு உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவரும் அவர் துணைவி கிருஷ்ணம்மாளும் கதர் உடுத்தி மிக எளிமையாக வாழ்ந்தவர்கள். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் பெற்றுத் தருவதற்காக 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கியவர்களும் அவர்களே. தமக்கென்று இழப்பதற்கு அதிகம் வைத்துக்கொள்ளாததால்தான், சிறைக்குப் போகவும் பண்ணை முதலாளிகளின் பகையைத் தாங்கவும் அவர்களால் முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரையும் நினைத்துப் பாருங்கள். 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் அரசு வேலையை விட்டவர், பச்சைத் துண்டோடு ஊர் ஊராக அலைந்து, கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்னும் இயற்கை வேளாண் பண்ணையை உருவாக்கினார். பாறையும் வறட்சியுமான அந்த நிலத்திலேயே அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். 2013 டிசம்பர் 30 அன்று உயிர் பிரிந்தபோது, டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் பட்டுக்கோட்டைப் பக்கம் பரப்புரையில் இருந்தார். அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டம் ஆனதற்குப் பின்னால், அவரோடும் அவருக்குப் பிறகும் தெருவில் நின்ற ஆயிரக்கணக்கான உழவர்களின் உழைப்பு இருக்கிறது.

எல்லாரும் அப்படி வாழ வேண்டும் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கு ஆறு நாள், குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 ஆகிய நாள்களில், கிராம சபை கூடுகிறது. சென்னையில் வேலை பார்ப்பவருக்கு அந்தக் கூட்டம் இல்லை. ஊரில் இருப்பவருக்கு உண்டு. கண்மாய் வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, ஊராட்சியின் வரவுசெலவு எப்படி இருக்கிறது என்று எழுந்து கேட்கக் கணக்குத் தெரிந்த ஒருவர் எங்கள் ஊரில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். கண்மாய் வண்டலை வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் கட்டணமின்றி எடுக்கலாம். அதற்கான மனுவை எழுதத் தெரியாமலேயே பல உழவர்கள் காசு கொடுத்து மண் வாங்குகிறார்கள். பீகார் நிலநடுக்க நிவாரணத்தின்போது காந்தியின் குழுவுக்கான செலவைக்கூட நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று மறுத்த கணக்காளர்தான் குமரப்பா. உங்கள் கையில் இருக்கும் தொழிலை ஊருக்குக் கொண்டு வாருங்கள். அதை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

பேரையூரான்

மூவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை மனைவியிடம் அப்படியே படிக்கக் கொடுத்தேன். அவர் சொன்ன பதில் நான் எதிர்பார்த்தது அல்ல. வேலையை விடுவதில் அவருக்கு வருத்தம் இல்லை, ஆனால் கற்பிப்பதை விட முடியாது. ஊரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஓர் இடம் கிடைத்தால் வருகிறேன், அடுப்பு கேஸ் அடுப்பாகத்தான் இருக்கும் என்றார். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் வேலையை விடப்போவதில்லை. நான் மட்டும் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆவணியில் வந்து, வீட்டின் ஓட்டைச் சரிசெய்து, ஓர் ஏக்கரில் மட்டும் விதைத்து, தை அறுவடை வரை இருந்து பார்க்கிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்கும் போவேன்.

மானாவாரிக்காரன்

நல்ல முடிவு, தம்பி. வந்தவுடன் உழ வேண்டாம். மண்ணில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஒரு முழம் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஓர் ஏக்கருக்குக் குதிரைவாலி விதை நான்கு கிலோ போதும், அதைக் கடையில் வாங்காதீர்கள். என் வீட்டுக் குதிரில் வேப்பிலை போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அறுத்தபின் அதே நான்கு கிலோவை அடுத்து வருகிறவருக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.