துக்கத்தில் இருப்பவர் முன் சந்தோஷத்தைப் பற்றிப் பேச உதவுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில், பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய பிலிப்பியர் நிருபத்தை வைத்து நிலைத்திருக்கும் சந்தோஷம் பற்றி நான் பேச வேண்டும். வருகிறவர்களில் சமீபத்தில் கணவரை இழந்த அக்கா ஒருவரும் இருக்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது என்பதுதான் என் கவலை.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" (4:4) என்று பவுல் எழுதியது காவலில் கட்டுண்டிருந்த நாட்களில். அதே பிலிப்பி பட்டணத்தில்தான் முன்பு அவரும் உடன் ஊழியரான சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நடுராத்திரியில் துதித்துப் பாடினார்கள் (அப்போஸ்தலர் 16). அப்புறம் பிலிப்பி சபை தமக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" வந்திருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார் (2:27). அழுகையும் இந்தச் சந்தோஷமும் ஒரே மனதில் இருக்கலாம் என்றே நான் நம்புகிறேன். கஷ்டம் தீர்ந்தால்தான் சந்தோஷம் என்று பேச எனக்கு மனமில்லை.

இழப்பின் நடுவில் இதை அனுபவித்தவர்கள், எந்த வசனம் உங்களைத் தாங்கியது, ஆறுதலாகச் சொன்ன எந்த வார்த்தை வலித்தது என்று எழுதுவீர்களா? விளைச்சல் எல்லாம் அற்றுப்போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்று சொல்லும் ஆபகூக் 3:17, 18ஐச் சேர்க்கலாமா? அந்த அக்காவிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லதா?