செவோல் கேப்டன்: குற்றவாளியா, பலிகடாவா?

சுக்கான்:
2014 ஏப்ரல் 16, தென்கொரியா. இன்ச்சோனிலிருந்து ஜேஜு தீவுக்குப் போன செவோல் கப்பல் கவிழ்ந்து, ஏறிய 476 பேரில் 304 பேர் இறந்தார்கள். அதில் 250 பேர் ஆன்சான் நகரத்துத் தான்வோன் பள்ளியிலிருந்து சுற்றுலா கிளம்பிய பிள்ளைகள். இது எல்லோருக்கும் தெரியும். தண்டனைக் கணக்கைப் பாருங்கள். கேப்டன் லீ ஜுன்-சொக்குக்கு ஆயுள். கப்பல் கம்பெனித் தலைவருக்கு மேல்முறையீட்டில் 7 வருடம். முதலில் போய்ச் சேர்ந்த கடலோரக் காவல் படகின் பொறுப்பாளருக்கு 3 வருடம். காவல்படையின் பெரிய அதிகாரிகள் விடுதலை. மேலே போகப் போகத் தண்டனை கரைந்துகொண்டே போகிறது. 19 வருடம் கப்பலில் இருந்தவன் சொல்கிறேன், அந்த மனிதர் உத்தமர் இல்லை. ஆனால் ஒரு நாடே சேர்ந்து செய்த தவற்றை அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

கயல்:
அண்ணா, பிள்ளைகளை அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளாடையோடு காவல் படகில் தாவி ஏறினாரே, அதுவும் நாடு செய்ததா?

சுக்கான்:
அதை நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் அந்தக் கப்பல் ஏன் சாய்ந்தது என்று கேட்டால்தான் மற்றவர்கள் முகம் தெரியும். 1994இல் ஜப்பானில் கட்டிய கப்பல். 2012இல் சொங்கேஜின் கம்பெனி பழையதாக வாங்கி, பின்பக்கம் மேல்தளத்தில் கூடுதல் அறைகளைக் கட்டியது. பழைய கப்பலை இவ்வளவு காலம் ஓட்டலாம் என்று வயது வரம்பை 20லிருந்து 30 வருடமாக 2009இல் தளர்த்தியது அரசு. மேலே எடை கூடினால் கப்பல் தலைகனத்துப் போகும். அதனால் சரக்கைக் குறைத்து, கப்பல் நிலையாக நிற்க அடித்தொட்டிகளில் நிரப்பும் பேலஸ்ட் தண்ணீரைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அனுமதியின் நிபந்தனையே. அனுமதித்த சரக்கு 987 டன். அன்று ஏற்றியது 2,142 டன்.

இவ்வளவு ஏற்றினால் கப்பல் அமிழ்ந்து, இதற்கு மேல் அமிழக் கூடாது என்று பக்கவாட்டில் போட்டிருக்கும் லோடு லைன் கோடு தண்ணீருக்குள் போய்விடும், துறைமுகத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அடியில் இருக்க வேண்டிய பேலஸ்ட் தண்ணீரை வெளியேற்றினார்கள். தேவையானதில் பாதிகூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கோடு சரியாகத் தெரியும், உள்ளே கப்பல் தலையாட்டிப் பொம்மைக்கு நேர் எதிர். அப்புறம் ஒரு திருப்பம், சரியாகக் கட்டாத சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது, முடிந்தது. லீ வழக்கமான கேப்டன்கூட இல்லை. வழக்கமானவர் விடுப்பில் போக, ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த மாற்று ஆள் இவர். ஏற்றாதே என்று சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்குமா?

வண்டல்:
கம்பெனி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. கப்பல் சாய்ந்த பிறகு நடந்ததை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? சாய்ந்தது 8:49 வாக்கில். 8:52க்கே ஒரு மாணவன் அவசர உதவி எண்ணான 119க்குப் போன் செய்துவிட்டான். கப்பலில் இருந்து உதவி கேட்கும் முன்பே. அந்த அழைப்பை வாங்கிய கடலோரக் காவல்படை அவனிடம் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்டது. சுற்றுலா போகும் பள்ளிப் பையனிடம்! எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அருகிலிருந்த ஜிந்தோ தீவின் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம், இறங்கச் சொல்வதைக் கேப்டனே முடிவு செய்யட்டும் என்றது. கேப்டன் தரப்போ, இறக்கினால் உடனே காப்பாற்றுவீர்களா என்று திருப்பிக் கேட்டது. ஆளாளுக்குப் பந்தைத் தட்டிவிட்டார்கள்.

மழைக்காலம்:
நான் ஆசிரியர். எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே பிள்ளைகளைப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்க்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் பாதிப் பேர் அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் குதித்திருப்பார்கள்.

கயல்:
டீச்சர், மன்னிக்க வேண்டும், இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. இறந்த பிள்ளைகளின் வளர்ப்பைக் குறை சொல்வது போல இருக்கிறது. விமானம் குலுங்கும்போது பணிப்பெண் உட்காருங்கள் என்றால் நீங்கள் எழுந்து ஓடுவீர்களா? கப்பலைத் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பினார்கள். அவ்வளவுதான். இதில் கொரியா எங்கே வந்தது?

மழைக்காலம்:
குறை சொல்லவில்லை அம்மா. வகுப்பில் தினமும் “அசையாதே” என்று சொல்கிறவள் நான். அந்த உறுத்தலில் எழுதிவிட்டேன்.

பொரிகடலை:
இதற்காகத்தானே அந்த ஊர் ஜனாதிபதியைப் பதவியிலிருந்து தூக்கினார்கள்?

வண்டல்:
இல்லை தம்பி. பார்க் குன்-ஹே அந்த நாளில் 7 மணி நேரம் என்ன செய்தார் என்ற கேள்வி கடைசிவரை துரத்தியது உண்மை. பதவி நீக்கக் குற்றச்சாட்டுகளில் அதுவும் இருந்தது. ஆனால் 2017 மார்ச்சில் அவரை நீக்கிய அரசியல் சாசன நீதிமன்றம், செவோலை நீக்கத்துக்கான காரணமாக ஏற்கவில்லை. விபத்து நடந்த அடுத்த மாதமே கடலோரக் காவல்படையைக் கலைக்கிறேன் என்று அறிவித்தார். 2017இல் அதே படை திரும்ப வந்துவிட்டது.

கயல்:
சுக்கான் அண்ணா, உங்கள் கணக்குக்கு வருகிறேன். மற்றவர்களுக்குத் தண்டனை குறைவு என்றால் அதைக் கூட்டச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். லீக்கு ஆயுள் அதிகம் என்று ஏன் சொல்ல வேண்டும்? முதல் நீதிமன்றம் கொலை இல்லை என்று 36 வருடம்தான் கொடுத்தது. மேல்முறையீட்டில்தான் கொலை என்றார்கள், 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சரக்கு ஏற்றியதற்காக இல்லை. 8:49லிருந்து, அவர் வெளியேறிய 9:46 வரை, “வெளியே வாருங்கள்” என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைக்காததற்காக. செத்தாலும் சாகட்டும் என்று விட்டதற்காக. கப்பலை ஓட்டும் பணியில் இருந்த 15 பேரும் பிழைத்தார்கள். அதே கப்பலில் 22 வயதுப் பெண் ஊழியர் ஒருவர் லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இறந்துபோனார். அவரை எந்தக் கம்பெனி விதி தடுத்தது?

சுக்கான்:
அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வருடங்களுக்கு முன்னால், கம்பெனி பெயர் வேண்டாம், நான் பார்க்காத சரக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். லீயைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வருகிறது. 9:46 எனக்கும் மன்னிக்க முடியாததுதான். ஆனால் இன்ச்சோனில் கயிற்றை அவிழ்த்தவுடனே பாதி முடிவாகிவிட்டது என்பதை விட மாட்டேன்.

கயல்:
மீதிப் பாதியைப் பற்றித்தான் நானும் கேட்கிறேன் அண்ணா.

வண்டல்:
2017இல் கப்பலைத் தூக்கி மொக்போ துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, சேற்றைச் சலித்துத் தேடினார்கள். 5 பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. கப்பல் ஏன் கவிழ்ந்தது என்பதில் 2018இல் விசாரணைக் குழுவே இரண்டாகப் பிரிந்து இரண்டு முடிவு எழுதியது. சுக்கான் சார், அந்த இரண்டையும் தனி இழையில் போடுகிறேன், கப்பலைத் திருப்பும் சுக்கான் இயந்திரம் பற்றி உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.